கல்லெழுத்தும் கைப்பேசிக் கம்பியும்

எழுத்தைப் படைத்தது மனிதன் செய்த பெருஞ்செயல். எழுதியதை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்த்து வைக்கக் கற்றது அதற்கு அடுத்த பெருஞ்செயல். முன்னதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பின்னதைப் பற்றி அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், எழுதப்பட்டவை யாவும் நிலைத்து நிற்கவில்லை. படியெடுக்கப்பட்டவையே பெரும்பாலும் நிலைத்தன. நம் பழந்தமிழ் நூல்கள் ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டிற்குத் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்பட்டு வந்தமையாலன்றோ இன்று நம் கைக்கு எட்டியிருக்கின்றன? ஆகவே, படியெடுத்தலின் வரலாறும் கல்வியின் வரலாற்றில் ஒரு பகுதியே ஆகும்.

இவ்வரலாற்றைக் கற்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தினும் ஏற்ற இடம் காண்பது அரிது. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், சமண முனிவர் உறைந்த கற்படுக்கையில், தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. குடுமியான்மலையில், இசை இலக்கணம் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டு உள்ளது. சோழர், பாண்டியர், விசயநகர வேந்தர், தொண்டைமான் மன்னர் ஆகியோர் காலத்துச் சாசனங்கள் கோயிற் சுவர்களிலும் குன்றுகளிலும் நிறைந்து கிடக்கின்றன. தானமாக விடப்பட்ட நிலம், ஏரியின் நீர்ப்பங்கு, ஊரார் செய்துகொண்ட உடன்படிக்கை ஆகியவற்றையெல்லாம் நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்தனர்.

கல் அழியாது என்பது நம் நம்பிக்கை. ஆனால் கல்லுக்கும் அழிவு உண்டு. மழையும் வெயிலும் எழுத்தைத் தேய்க்கின்றன. திருப்பணி செய்வோர் பழைய சுவரைப் பிரிக்கின்றனர். இத்தகைய இடர் நேர்ந்தபோது அக்காலத்தார் என்ன செய்தனர்? கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலில் இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. முதலாம் இராசராசன் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, பழைய சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலிற் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். பின்னர், அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில், அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. கல்லிலிருந்து ஏட்டிற்கும், ஏட்டிலிருந்து கல்லிற்குமாக அச்செய்தி பயணம் செய்தது. இடையில் ஏடு என்னும் பாலம் இல்லையேல் அச்செய்தி அன்றே மறைந்திருக்கும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அரசும் இத்தகைய பணியொன்றைச் செய்தது. 1910-ஆம் ஆண்டிலேயே அங்கு அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் திரட்டப்பட்டு, 1929-ஆம் ஆண்டில் 1,130 கல்வெட்டுகளின் வாசகங்கள் அடங்கிய தொகுதி அச்சேறியது. கல்வெட்டைப் படியெடுப்போர், கல்லைத் தூய்மை செய்து, ஈரமாக்கிய தாளை அதன்மீது ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளங்களிற் படியவைத்து, பின்னர் மையை ஒற்றி எடுப்பர். இதற்கு மைப்படி என்று பெயர். சமஸ்தானம் 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் இந்தியாவோடு இணைந்தது. புதுக்கோட்டை 1974-இல் தனி மாவட்டமாயிற்று. அரசும் எல்லையும் மாறின. அந்தத் தொகுதியோ இன்றும் ஆராய்ச்சியாளர்க்குத் துணைபுரிகிறது.

இன்று ஒரு கல்வெட்டைக் காணச் செல்லும் மாணவர் கையில் தாளும் மையும் இல்லை; கைப்பேசி இருக்கிறது. ஒரு நொடியில் படம் எடுத்துவிடுகிறார். ஆனால், அப்படம் அக்கைப்பேசியிலேயே கிடக்குமாயின், பணி பாதிதான் முடிந்தது எனலாம். கைப்பேசி கீழே விழுந்து உடையலாம், தண்ணீரில் நனையலாம், களவு போகலாம். ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்தின் படி, ஓராண்டும் நில்லாமற் போய்விடும். ஆகவே, அதனைக் கணிப்பொறிக்கும் பிற சேமிப்புக் கருவிகளுக்கும் கொண்டு செல்லும் வழியை நாம் அறிதல் வேண்டும். அந்த வழியே யூ.எஸ்.பி. என்று வழங்கும் இணைப்பு ஆகும். அதன் வரலாற்றை இனிக் காண்போம்.

1990-களின் முற்பகுதியில், கணிப்பொறியின் பின்புறம் பலவகைத் துளைகளால் நிறைந்திருந்தது. விசைப்பலகைக்கு ஒரு துளை, சுட்டிக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு அகன்ற துளையொன்று, தொலைபேசி வழிச் செய்தி அனுப்பும் மோடத்திற்கு வேறொரு துளை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். புதிய கருவியொன்றைப் பொருத்தினால், பெரும்பாலும் கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும்.

இந்த இடர்ப்பாட்டை, இரயிற்பாதையை எண்ணிப் பார்த்தால் நன்கு உணரலாம். திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இல் வந்த இரயிற்பாதை, தண்டவாளங்களுக்கிடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் பாதை. நாட்டின் பெருவழிகள் பலவற்றில் இருந்ததோ 1,676 மில்லிமீட்டர் கொண்ட அகலப் பாதை. இருவகைப் பாதைகளும் சந்திக்கும் நிலையங்களில், ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. புதுக்கோட்டைப் பாதையும் பிற்காலத்தில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இடைவெளியின் அளவு ஒன்றானால் வண்டி தங்குதடையின்றி ஓடும்; அளவு வேறானால் எத்துணை வலிய எஞ்சினும் நின்றுதான் ஆகவேண்டும்.

கணிப்பொறி உலகிலும் பாதையின் அளவை ஒன்றாக்க முயற்சி எழுந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக், டி.இ.சி., என்.இ.சி., நார்ட்டெல் என்னும் ஏழு நிறுவனங்கள் 1994-இல் இதற்கெனக் கூடின. இன்டெல் நிறுவனத்தில் இப்பணியில் முன்னின்றோருள் ஒருவர், இந்தியாவிற் பிறந்து பரோடாவிற் பயின்ற அஜய் பட் என்னும் பொறியாளர். 1996-ஆம் ஆண்டு சனவரியில் யூ.எஸ்.பி. இணைப்பின் முதல் விதிமுறை வெளிவந்தது. நொடிக்கு 12 மெகாபிட் என்பதே அன்று அதன் மிகுந்த வேகம். 2000-இல் வந்த இரண்டாம் விதிமுறை அதனை 480 மெகாபிட்டாக உயர்த்தியது.

இந்த இணைப்பு எவ்வாறு இயங்குகிறது? தொடக்கக் காலக் கம்பியினுள் நான்கு மெல்லிய இழைகள் இருந்தன. இரண்டு இழைகள் 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு செல்வன. மற்ற இரண்டும் செய்தியைக் கொண்டு செல்வன. சில மலிவான கம்பிகளில் செய்திக்குரிய இழைகளே இரா. அவற்றைக் கொண்டு கைப்பேசிக்கு மின்னேற்றலாம். படத்தை மாற்ற இயலாது. கைப்பேசியைக் கணிப்பொறி கண்டுகொள்ளவில்லை என்று வருந்துவோர், முதலில் கம்பியை மாற்றிப் பார்த்தல் நன்று.

கம்பி பொருந்தியவுடன் ஓர் உரையாடல் தொடங்குகிறது. கணிப்பொறி, வந்த கருவிக்கு ஓர் எண்ணை முகவரியாக அளித்து, "நீ யார்? எவ்வகைக் கருவி?" என்று வினவுகிறது. கருவி தன்னை ஆக்கியோர் எண்ணையும் தன் வகையையும் கூறுகிறது. இங்கு ஒன்று கவனிக்கத் தக்கது. இவ்வுரையாடலில் வினவும் உரிமை தலைமைக் கருவியாகிய கணிப்பொறிக்கே உண்டு. துணைக் கருவி கேட்டதற்கு விடை கூறுமேயன்றித் தானாக ஒன்றும் பேசாது. இந்த வேற்றுமையை மனத்திற் கொண்டால், கைப்பேசியின் கதை எளிதில் விளங்கும்.

ஆண்ட்ராய்டு அமைப்பில் இயங்கும் முதற் கைப்பேசி 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அந்நாளைய ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கணிப்பொறியோடு இணைத்தால், அதன் நினைவட்டை முழுவதும் ஒரு பென் டிரைவ் போலக் கணிப்பொறியின் ஆட்சிக்குள் சென்றுவிடும். ஒரே ஏட்டில் இருவர் ஒருங்கே எழுதினால் எழுத்துக் குழம்புமன்றோ? அதுபோலவே, ஒரே நினைவட்டையில் இரு கருவிகள் ஒருங்கே எழுதினால் பதிவு சிதையும். எனவே, இணைப்பு உள்ளவரை கைப்பேசி தன் அட்டையைத் தானே பயன்படுத்த இயலாதிருந்தது.

2011-ஆம் ஆண்டு முதல் ஆண்ட்ராய்டு வேறு முறைக்கு மாறியது. அதற்கு எம்.டி.பி. என்று பெயர். இம்முறையில் கைப்பேசி தன் நினைவகத்தை ஒப்படைப்பதில்லை. நூலகர் அலமாரிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, கேட்ட நூலை மட்டும் எடுத்துத் தருவதுபோல, கேட்ட கோப்பை மட்டும் தருகிறது. 2015-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து மற்றொரு காவலும் சேர்ந்தது. கம்பியை இணைத்தவுடன் மின்சாரம் மட்டுமே செல்லும். கோப்புகளை மாற்ற வேண்டுமாயின், உரியவர் கைப்பேசித் திரையில் தாமே இசைவு தரவேண்டும். பொது இடங்களிலுள்ள மின்னேற்றுத் துளைகள் வழியே பிறர் செய்தியைக் கவராதிருக்க இது துணைசெய்கிறது. அறியாத இடத்தில் இசைவு கேட்கும் திரை தோன்றினால், மறுத்துவிடுவதே அறிவுடைமை.

இதுவரை கைப்பேசி துணைக் கருவியாகவே இருந்தது. அது தலைமைக் கருவியாவதற்கு வழி 2001-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. ஓ.டி.ஜி. என்று சுருங்க வழங்கும் அந்தத் துணை விதி, சிறு கருவியும் தேவைப்படும்போது தலைமை ஏற்கலாம் என்றது. கம்பியின் முனையில் ஐந்தாவதாக ஒரு தொடுமுனை அமைக்கப்பட்டது. அது இணைக்கப்பட்டுள்ள நிலையைக் கொண்டு, தான் தலைமையா துணையா என்பதைக் கருவி அறிந்துகொள்ளும். 2011 மே மாதத்தில் வந்த ஆண்ட்ராய்டு 3.1 பதிப்பு இதற்கு இடந்தந்தது. அதன்பின், பென் டிரைவ், விசைப்பலகை, சுட்டி, ஒலிவாங்கி, புறநிலை வன்தட்டு ஆகியவற்றைத் தகுந்த கைப்பேசிகளிற் பொருத்தலாயிற்று.

நண்பர்களே, இம்மாற்றத்தை எளியதென்று கருதிவிடலாகாது. வீட்டிற் கணிப்பொறி இல்லாத மாணவர் எத்தனையோ பேர். அவர்களிடம் ஒரு கைப்பேசியும், சிறியதோர் ஓ.டி.ஜி. இணைப்பியும், ஒரு விசைப்பலகையும் இருக்குமாயின், கட்டுரை எழுதலாம்; எழுதியதைப் பென் டிரைவில் வைத்து ஆசிரியரிடம் தரலாம்; தாம் எடுத்த கல்வெட்டுப் படங்களைப் பிறிதொரு கருவியிற் சேர்க்கலாம். பிறர் வினவ விடை சொல்லி நின்ற கருவி, தானே வினவும் நிலைக்கு உயர்ந்தது. அவ்வுயர்வினாற் பெரும் பயன் அடைபவர் கணிப்பொறி வாங்க வசதியற்ற எளியவரே.

இணையம் இருக்கையிற் கம்பி எதற்கு என்று சிலர் வினவலாம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. மின்கம்பங்கள் சாய்ந்தன, தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டது. அத்தகைய வேளையில் தொலைவிலுள்ள சேமிப்பகம் எட்டாப் பொருளாகிவிடுகிறது. கையிலுள்ள கம்பியோ இரு கருவிகளிடையே தன் பணியைச் செய்கிறது. இணையச் சேமிப்பும் வேண்டும். கைவசம் ஒரு படியும் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

கம்பி முனையின் வடிவமும் இன்று பெரும்பாலும் ஒன்றாகிவிட்டது. 2014-இல் சி வகை முனை வகுக்கப்பட்டது. இருபத்து நான்கு தொடுமுனைகள் கொண்ட அதனை எப்பக்கமாகவும் செருகலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 சனவரியில் அதனை நம் நாட்டிற்குரிய தரமாக வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்கப்படும் கைப்பேசிகள் யாவற்றிலும் அம்முனை இருத்தல் வேண்டும் என்னும் சட்டம், 2024 திசம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊருக்கு ஓர் அளவு என்றிருந்த தண்டவாளம் ஒரே அளவாகி வருவதைப் போன்றதே இதுவும்.

ஆயினும், பாதை அமைந்தால் மட்டும் போதாது. பயணம் நடைபெற வேண்டும். கல்வெட்டையோ, பாட்டியின் தாலாட்டையோ, ஊர்ப் பெரியவரின் நினைவுகளையோ கைப்பேசியிற் பதிவு செய்வோர், அன்றே அதனை வேறோர் இடத்திற்குப் படியெடுத்தல் வேண்டும். கோப்புக்கு ஊர்ப்பெயரும் நாளும் இட்டு வைத்தல் வேண்டும். பெயரற்ற ஆயிரம் படங்கள், முகவரியற்ற ஆயிரம் கடிதங்களுக்கு ஒப்பானவை. படி முடிந்தபின் கோப்பைத் திறந்து பார்த்தல் வேண்டும். பென் டிரைவை எடுக்குமுன், அதனைப் பாதுகாப்பாக நீக்குக என்னும் கட்டளையைக் கொடுத்தல் வேண்டும். ஏனெனில், எழுதி முடிந்ததுபோலத் தோன்றும்போதும் எழுத்து முற்றுப்பெறாதிருத்தல் உண்டு. இவை சிறு செயல்களே. ஆனால், மைப்படி எடுத்தோர் தாளைக் கிழியாமற் பிரித்தெடுத்ததும் இத்தகைய சிறு செயலே அன்றோ?

அன்று திருமழபாடியில் ஏடு எழுதியவர் யார் என்பதை நாம் அறியோம். அவர் எழுதியமையால் ஒரு கோயிலின் வரலாறு பிழைத்தது. அவருடைய எழுத்தாணிக்கும் இன்று மாணவர் கையிலுள்ள கம்பிக்கும் தொழில் ஒன்றுதான்: அழியும் இடத்திலிருந்து நிலைக்கும் இடத்திற்கு அறிவைக் கொண்டு சேர்த்தல். அத்தொழிலைச் செவ்வனே செய்வது இத்தலைமுறையின் கடன்.