எறியும் கைகளின் கணக்கு: அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் கூட்டமைப்புக் கோப்பை

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் முதல் பிரிவில் ஓர் அணி ஒரு பருவத்தில் அதிகபட்சம் 56 ஆட்டங்கள் ஆடலாம். தென்கிழக்குக் கூட்டமைப்பில் அவற்றுள் 30 ஆட்டங்கள் சக கல்லூரிகளுடன் நடக்கும். வார இறுதிக்கு மூன்று என்று பத்து வாரங்கள். அதன்பின் மே மாதக் கடைசியில், ஒரே வாரத்துக்குள் கூட்டமைப்புக் கோப்பைப் போட்டி. பத்து வாரங்கள் சொல்லாத எதை இந்த ஒரு வாரம் சொல்கிறது? எறியும் கைகளின் கையிருப்பையே அது முதன்மையாக அளக்கிறது என்பது என் வாதம். ஆகவே, தேசியப் போட்டிக்குள் நுழைய அந்தக் கோப்பையை விட்டால் வேறு வழியில்லாத சிறு கூட்டமைப்புகளை மனத்தில் வைத்தே அதன் வடிவம் வகுக்கப்பட வேண்டும்.

கல்லூரி அணியின் முதன்மைப் பிட்சர், அதாவது பந்தை எறிபவர், வழக்கமாக வாரத்துக்கு ஒருமுறைதான் ஆட்டத்தைத் தொடங்குவார். வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாளுக்கு மூவர் இருந்தால் போதும். கோப்பை வாரத்தில் இந்தக் கணக்கு உடைகிறது. எட்டு அணிகள் மோத, இரண்டு முறை தோற்றால் வெளியேறும் முழுமையான இரு தோல்வி முறையில், தோற்காத அணி நான்கு ஆட்டங்களில் கோப்பையை எட்டிவிடும். முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணியோ ஏழு ஆட வேண்டும். அங்கே முதல் கையின் திறமையைவிட ஐந்தாவது, ஆறாவது கையின் இருப்பே முடிவைத் தீர்மானிக்கிறது.

பெரிய கூட்டமைப்புகளுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி அல்ல. 2025இல் தேசியப் போட்டியின் 64 இடங்களில் 29 கூட்டமைப்பு வெற்றியாளர்களுக்கும், 35 தேர்வுக் குழுவின் விருப்பத்துக்கும் போயின. தென்கிழக்குக் கூட்டமைப்பின் 16 அணிகளில் 13 உள்ளே நுழைந்தன. அலபாமாவின் ஹூவரில் கோப்பையை வென்ற வாண்டர்பில்ட், தன் சொந்த ஊரில் நடந்த, தேசியப் போட்டியின் முதல் கட்டமான மண்டலச் சுற்றிலேயே வெளியேறியது. ஹூவரில் இறுதி ஆட்டத்தை எட்டாத லூசியானா ஸ்டேட் தேசிய சாம்பியன் ஆனது. அதே ஆண்டு இக்கூட்டமைப்பு ஒரு தோல்வியில் வெளியேறும் நாக்-அவுட் முறைக்கு மாறியது. அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பும் அப்படியே மாறியது. அதன் பழைய முறையில் குழுவுக்கு மூன்று அணிகள்; மூன்றும் தலா ஒரு வெற்றி பெற்றால் தரவரிசையில் மேலுள்ள அணியே முன்னேறும். இரண்டாம் அணி முதலில் மூன்றாம் அணியை வீழ்த்திவிட்டால், முதல் அணியும் மூன்றாம் அணியும் மோதுவதால் எதுவும் மாறாது. பயனற்ற ஓர் ஆட்டத்துக்கும் கைகள் செலவாயின. அந்த முறையைக் கைவிட்டது சரியான முடிவு.

சிறு கூட்டமைப்புகளின் நிலை வேறு. பெரும்பாலும் அவற்றுக்கு ஒரே இடம்தான். ஆயினும் அந்த ஒற்றை வாசல் வழியே வந்தவர்கள் வரலாறு படைத்திருக்கிறார்கள். 2008இல் மேற்குக் கூட்டமைப்பின் கோப்பையை வென்று வந்த ஃப்ரெஸ்னோ ஸ்டேட், மண்டலத்தில் நான்காவது, அதாவது கடைசித் தரவரிசையில் வைக்கப்பட்டும், தேசிய இறுதிக் கட்டம் நடக்கும் ஒமாஹாவில் ஜார்ஜியாவை வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனது. 2012இல் ஸ்டோனி புரூக்கும், 2023இல் ஓரல் ராபர்ட்ஸும் அதே கடைசித் தரவரிசையிலிருந்து ஒமாஹா வரை சென்றன.

கோப்பைப் போட்டியே வேண்டாம், லீக் முதல்வருக்கே இடத்தைக் கொடுங்கள் என்போர் உண்டு. பிக் வெஸ்ட் கூட்டமைப்பு 2024 வரை அப்படித்தான் கொடுத்தது. நீண்ட பருவத்தின் உழைப்பை மதிக்கும் வாதம் அது. அதன் நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் கடைசி வாரம் வரை நம்பிக்கையோடு ஆடும் உரிமையை அது பல அணிகளிடமிருந்து பறித்துவிடுகிறது.

இரண்டையும் காக்க வழி உண்டு. ஒரே இடமுள்ள கூட்டமைப்புகள் நான்கு அல்லது ஆறு அணிகளை மட்டும் அழைக்கட்டும். லீக் முதல்வர் நேரே அடுத்த சுற்றில் தொடங்கட்டும். நடுவே ஓய்வு நாள் இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை எறிந்து பழகிய கையை மூன்றாம் நாளே மீண்டும் அழைக்கும் ஆசை பயிற்சியாளருக்கு அப்போது எழாது. இருபது வயது இளைஞனின் முழங்கைத் தசைநார் அறுந்தால், அவன் இழப்பது ஒரு பருவத்துக்கும் மேல். எந்தக் கோப்பைக்கும் அந்த விலை கூடாது.