பாலாற்றங்கரைக் கிணறும் கூகுள் மேப்பும்

ஆம்பூர் என்று கூகுள் மேப்பில் தட்டிப் பாருங்கள். பிரியாணிக் கடைகள் வரிசை கட்டி நிற்கும். (தப்பில்லை, எனக்கும் முதலில் அதுதான் வேண்டும்.) அப்புறம் ஷூ கடை, பெட்ரோல் பங்க், ஏடிஎம். டேனரித் தண்ணீர் ஓடிய கால்வாய், உப்பேறிக் கைவிட்ட வயல் கிணறு, இதெல்லாம் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். வரைபடத்தை யார் போடுகிறார், எதற்காகப் போடுகிறார் என்பதைப் பொறுத்துதான் அதில் என்ன இருக்கும் என்பதும்.

கொஞ்சம் பழைய கதை. சர்வே ஆஃப் இந்தியா தொடங்கியது 1767இல். திப்பு சுல்தான் 1799இல் விழுந்த பிறகு, வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மைசூர் வழியே மேற்குக் கடற்கரை வரை போனார்கள். அன்றைக்கு வரைபடம் என்றால் படை நடத்தவும் வரி வசூலிக்கவும்தான். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கடலோரம், எல்லைப்புறத் தாள்களைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கைதான் ராணுவத்துக்கு ஒரு வரிசை, மக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. கூகுள் மேப்ஸும் கூகுள் எர்த்தும் வந்தது அதே 2005இல்! வானத்திலிருந்து எடுத்த படம் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமே அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று எச்சரித்தார்.

அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2004இல், இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற மாணவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கியிருந்தார். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அந்நாட்டு வரைபட நிறுவனம் அதே மக்களிடம் காசு வாங்கிக்கொண்டுதான் அப்போது தகவல் தந்தது என்பது அவர் கோபம். ஜிபிஎஸ் கருவியோடு நாமே தெருத்தெருவாகப் போய் வரைந்துவிட்டால் போச்சு!

கூகுளும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் உருவான மேப் மேக்கர் 2008இல் வந்தது. நம் ஊர்ப் பையன்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து சந்துபொந்தெல்லாம் வரைந்தார்கள், சம்பளம் இல்லாமல். 2013இல் கூகுள் நடத்திய மேப்பத்தான் போட்டி மேல் சர்வே ஆஃப் இந்தியா போலீசில் புகார் கொடுத்தது தனிக்கதை. 2017இல் மேப் மேக்கரை மூடிவிட்டார்கள். வரைந்ததெல்லாம் கூகுள் வரைபடத்தில் இருக்கிறது. ஆனால் வரைந்தவர் அதை எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் பயன்படுத்த முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முழுத் தகவலையும் இறக்கிக்கொள்ளலாம், விற்கும் பொருளில்கூடப் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தது என்று சொன்னால் போதும். அந்தத் தகவலையே திருத்திப் பொதுவில் விட்டால் திருத்தியதும் பொதுச் சொத்து.

காமர்ஸ் படிப்பவனுக்கு இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகம் வரும் :-) வலைத்தளத்தில் கூகுள் வரைபடம் வைக்க ஒரு காலத்தில் தினம் 25,000 முறை வரை இலவசம். 2018 ஜூலையில் அது மாதத்துக்கே சுமார் 28,000 என்று சுருங்கியது, கிரெடிட் கார்டும் கொடுத்தாக வேண்டும். பழகிய பிறகு விலை! அதற்காக கூகுளைத் திட்டித் தீர்க்கவும் மனசு வரவில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் எங்கே வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்று உடனே சொல்ல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பால் ஆகாது. (கூகுளுக்கு அந்தத் தகவலைத் தருவதும் நம் கைபேசிகள்தான்.) வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் திறந்த வரைபடத்தில் பெயர் இல்லாத தெருக்கள் எக்கச்சக்கம்.

2016இல் மத்திய அரசு ஒரு மசோதா வரைவு கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் வரைபடத் தகவல் சேர்த்தால் 1 கோடி முதல் 100 கோடி ரூபாய் வரை அபராதம். நல்லவேளை, அது சட்டம் ஆகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல் நேர்மாறாகப் பெரும்பாலான கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டது.

இப்போது பாலாற்றுக்கு வருவோம். தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் ஆய்வு செய்து, தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனதாகச் சொன்னது. இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் அமைத்தார்கள். எந்த ஊர், எந்த நிலம், யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து 2001இல் 29,193 பேருக்குத் தொகை நிர்ணயித்தார்கள். 2025 ஜனவரியில் இதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

அந்த நிலங்களெல்லாம் காகிதக் கட்டுகளில் இருக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கிணற்றுக்கும் தனிக் குறியீடு உண்டு, கழிவுக் கால்வாய்க்கும் உண்டு. யார் என்றைக்குக் குறித்தார்கள் என்பதும் பதிவாகி நிற்கும். நான் இதுவரை எங்கள் தெருவையும் பக்கத்து இரண்டு தெருக்களையும்தான் வரைந்திருக்கிறேன். லீவு விட்டதும் ஆற்றோரம் போய்க் கிணறுகளைக் குறிக்க வேண்டும். எது யாருடைய கிணறு, எந்த வருஷம் உப்பானது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.