தாமஸ்கான்டர்

தாமஸ்கான்டர் என்பது ஜெர்மனியின் லைப்சிக் நகரில், புனித தாமஸ் ஆலயத்தோடு இணைந்த பள்ளியின் சிறுவர் பாடகர் குழுவை நடத்துபவரின் பதவிப் பெயர். குழுவின் தொடக்கம் 1212 எனக் கொள்ளப்படுகிறது. யோகான் செபஸ்தியான் பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும் வரை இப்பதவியில் இருந்தார். இசையமைப்பாளர்கள் டெலிமானும் கிராப்னரும் வராமல் போன பிறகே நகர மன்றம் அவரை எடுத்தது.

பெயர் கம்பீரமானது, பாக் காலத்திலோ வேலை வாத்தியார் வேலை. பள்ளியில் தலைமை ஆசிரியருக்கும் அவருடைய துணைவருக்கும் அடுத்த மூன்றாமிடம். பாட்டோடு லத்தீனும் நடத்த வேண்டியிருந்தது. பாக் அதை ஆண்டுக்கு 50 தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) கொடுத்துச் சக ஆசிரியர் தலையில் கட்டிவிட்டார். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் விடுதிக் கண்காணிப்பு வேறு.

ஞாயிறுதோறும் நான்கு ஆலயங்களுக்குப் பாடகர்களை அனுப்பியாக வேண்டியிருந்தது. ஓர் ஆலயத்துக்குப் போகும் குழுவுக்குக் குறைந்தது 12 குரல், 16 இருந்தால் நல்லது என்பது பாக்கின் கணக்கு. 1730 ஆகஸ்டில் மன்றத்துக்கு எழுதிய மனுவில், கையிலிருந்த 54 மாணவரை அவர் தரம் பிரித்தார்: தேறியவர் 17, இனித் தேற வேண்டியவர் 20, உதவாதவர் 17. இசை ஞானம் பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதே அவர் குறை. ஞானப்பாட்டை மட்டும் ஒப்பேற்றத் தெரிந்தவர்கள் புனித பேதுரு ஆலயத்துக்குப் போனார்கள். அந்தச் சபையார் பாவம்.

பாக்கின் ஆண்டு வருமானம் சுமார் 700 தாலர். பெரும்பகுதி சம்பளமல்ல, கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாடிக் கிடைப்பது. ஊரில் நல்ல காற்று வீசினால் சாவு குறைகிறது, போன ஆண்டு அதனால் 100 தாலருக்கு மேல் போயிற்று என்று 1730 அக்டோபரில் பழைய பள்ளித் தோழர் எர்ட்மானுக்குக் கடிதம் எழுதினார். கிண்டலா, உண்மையான வருத்தமா? கடிதத்தின் தொனி இரண்டாவது பக்கமே சாய்கிறது.

ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் கான்டர் நிற்க முடியாது. மற்றக் குழுக்களை நடத்தியவர்கள் மூத்த மாணவர்கள், நம் ஊர்ச் சட்டாம்பிள்ளைகள் போல. அவர்களை நியமிப்பது யார் என்பதில் 1736-இல் பாக்குக்கும் தலைமை ஆசிரியர் எர்னெஸ்டிக்கும் முட்டிக்கொண்டது. எர்னெஸ்டி நியமித்த மாணவனை ஆராதனை நடக்கும்போதே பாடகர் மாடத்திலிருந்து விரட்டினார் பாக். வழக்கு அரசர் வரை போனது.

இன்று குழுவில் ஏறத்தாழ 100 சிறுவர்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் ஆலயத்தில் பாடுகிறார்கள். விடுதி தொடர்கிறது, லத்தீன் நடத்தும் கடமை மட்டும் கான்டருக்கு இல்லை.