உலர்பொடி இன்ஹேலரில் மருந்து திறக்கும் முறை

பல உலர்பொடி இன்ஹேலர்களில் ஒரு வேளை மருந்து, பெரும்பாலும் லாக்டோஸ் பொடியுடன் கலந்து, கேப்சூலிலோ அலுமினியத்தாள் குமிழிலோ அடைபட்டிருக்கும். சிப்லா நிறுவனத்தின் ரோட்டாஹேலரில் அடிப்பாகத்தைத் திருகினால் கேப்சூல் இரண்டாகப் பிரிந்து பொடி உள்ளே கொட்டும். அதே நிறுவனத்தின் ரெவோலைசரில் ஊசிகள் கேப்சூலைத் துளைக்கும். அக்யூஹேலரிலோ நெம்பியைத் தள்ளியதும் சுருள்பட்டையின் மேல்தாள் உரிந்து ஒரு குமிழ் திறக்கும்.

மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரமே முதல் சிக்கல். ஈரம் ஏறிய ஜெலட்டின் கேப்சூல் இளகிவிடும், சரியாகப் பிரியாது. பொடியும் கட்டிதட்டி, நுரையீரலை எட்டாமல் தொண்டையிலேயே தங்கிவிடும். ஆகவே மருந்தை உறிஞ்சும் வேளையில்தான் கேப்சூலை உலர்ந்த கையால் வெளியே எடுக்க வேண்டும். இன்ஹேலருக்குள் மூச்சை ஊதவும் கூடாது. மாத்திரை என்று எண்ணி கேப்சூலை விழுங்குவோரும் உண்டு. அப்படிச் செய்தால் மூச்சுத்திணறலுக்கு உரிய நிவாரணம் கிடைக்காது.