நின்றுபோன கெர்னலோடு பேசின கதை

மலர்க்குழு நண்பன் போன் செய்து, "உன் வேலையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் கொடுடா. ஜூனியர் பசங்களுக்கும் புரியணும்" என்றான். எழுதுகிறேன். புரியாவிட்டால் குற்றம் என்னுடையது!

நம்ம மைக்ரோப்ராசசர் லேபில் இருந்த 8085 கிட் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு ஸ்டெப்பாக ஓடவிட்டு, அக்யூமுலேட்டர் எப்படி மாறுகிறது என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதினோமே, அதே வேலையைத்தான் இன்றும் செய்து சம்பளம் வாங்குகிறேன். கிட் இருந்த இடத்தில் இப்போது லினக்ஸ் கெர்னல், அவ்வளவுதான்.

சாதாரண ப்ரோகிராமில் தப்பு இருந்தால் டீபக்கரை வைத்து அதை நிறுத்திப் பார்க்கலாம். கெர்னலை நிறுத்தினாலோ கீபோர்டு, திரை, டிஸ்க் எல்லாமே சேர்ந்து நின்றுவிடும். அப்புறம் டீபக்கர் எதன்மேல் ஓடும்? மயக்கத்தில் இருக்கிற நோயாளி தனக்குத்தானே நாடி பார்க்க முடியாதே! அதனால்தான் இரண்டாவது கம்ப்யூட்டர். நடுவில் ஒரு சீரியல் கேபிள். நின்றுபோன கெர்னலுக்குள் ஒரு சின்னத் துண்டு நிரல் மட்டும் விழித்திருந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்.

இந்தப் பேச்சுக்கு ஒரு மொழியும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுதிய ஜி.டி.பி. என்ற டீபக்கரோடு வளர்ந்த மொழி அது. ஒவ்வொரு செய்தியும் டாலர் குறியில் தொடங்கி ஹேஷ் குறியில் முடியும். கடைசியில் இரண்டு இலக்கத்தில் கூட்டுத்தொகைச் சோதனை. சரியாக வந்தால் மறுமுனை கூட்டல் குறி அனுப்பும், இல்லாவிட்டால் கழித்தல் குறி. தபால் ஆபீஸ் ஒப்புகைச் சீட்டு மாதிரி.

லினக்ஸில் இதற்குப் பெயர் கே.ஜி.டி.பி. ஆனால் அது கெர்னலுக்குள் நுழைய வெகுகாலம் வாசலில் காத்திருந்தது. தமக்கு டீபக்கர்கள் பிடிக்காது என்று லினஸ் டோர்வால்ட்ஸ் 2000-ல் வெளிப்படையாகவே எழுதினார். டீபக்கர் கையில் இருந்தால் மனிதன் யோசிக்காமல் ஒட்டுப்போடுவான், அது இல்லாவிட்டால்தான் கவனமாக இருப்பான் என்பது அவர் கட்சி. அதுவரை கே.ஜி.டி.பி. வெளியிலிருந்து ஒட்டும் பேட்ச்சாகவே இருந்தது. டேவிட் க்ரோத், டிக்ரன் ஐவாசியன் ஆகியோர் தொடக்கத்தில் எழுதியதை, பின்னாளில் நம் புனே நகரிலிருந்து அமித் காலே பல வருஷம் பராமரித்தார். கடைசியில் ஜேசன் வெஸல் முயற்சியில், 2008 ஜூலையில் வெளியான 2.6.26 பதிப்பில் கே.ஜி.டி.பி. உள்ளே வந்தது.

உள்ளே வந்ததோடு வேலை முடிந்ததா? இல்லை. பொதுப்பகுதி ஒன்றுதான் என்றாலும், ஒவ்வொரு ப்ராசசர் குடும்பத்துக்கும் யாராவது உட்கார்ந்து தனிப்பகுதி எழுத வேண்டும். ரெஜிஸ்டர்களை ஜி.டி.பி. எதிர்பார்க்கும் வரிசையில் கொடுக்க வேண்டும். மற்ற கோர்களைப் பிடித்து நிறுத்த வேண்டும். ப்ரேக்பாயின்ட் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டெப்பாக நடத்த வேண்டும்.

இன்டெல் குடும்பத்தில் இது சுலபம். 1978-ல் வந்த 8086-லேயே ப்ரேக்பாயின்ட்டுக்கு ஒரே பைட்டில் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் உண்டு. ஏன் ஒரே பைட்? மிகச் சின்ன இன்ஸ்ட்ரக்ஷனே ஒரு பைட்தான். அதன்மேல் பெரிதாக எதையாவது எழுதினால் பக்கத்து இன்ஸ்ட்ரக்ஷன் அழிந்துவிடும். ஸ்டெப் நடக்க ட்ராப் ஃப்ளாக் என்று ஒரு பிட்டும் இருந்தது. ஆர்ம் 64-லும் ஸ்டெப்புக்கு வன்பொருள் வசதி உண்டு. அதற்கான கே.ஜி.டி.பி. 2014-ல் வந்தது.

ரிஸ்க்-ஃபைவ் கதை வேறு. அது 2018 ஜனவரியில் 4.15 பதிப்போடு லினக்ஸுக்குள் வந்தது. அதே வருஷம் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி சிப்பிலும் லினக்ஸ் ஓடியது. கே.ஜி.டி.பி. வந்ததோ 2020 ஆகஸ்டில், 5.8 பதிப்பில்தான், எழுதியவர் வின்சென்ட் சென். கெர்னல் தன்னையே ஸ்டெப் நடத்த அங்கே பிட் எதுவும் கிடையாது. ஆகவே நிரலே நின்ற இடத்து இன்ஸ்ட்ரக்ஷனைப் படித்து, தாவலா இல்லையா என்று ரெஜிஸ்டரைப் பார்த்து, அடுத்து எங்கே போகும் என்று கணக்குப் போட்டு, அங்கே தற்காலிக ப்ரேக்பாயின்ட் நடுகிறது. சுருக்க இன்ஸ்ட்ரக்ஷன்கள் இரண்டு பைட் என்பதால் ப்ரேக்பாயின்ட்டும் இரண்டு பைட். நாற்பது வருஷத்துக்கு முந்தின அதே நியாயம்!

இதனால் எனக்கு என்ன லாபம்? சொல்கிறேன். ஒரு ரிஸ்க்-ஃபைவ் போர்டில் நான் எழுதிய டிரைவர் துவக்கத்திலேயே தோற்றுப்போகும். என்ன என்று பார்க்க நடுவில் ஒரு பிரின்ட் வரி சேர்த்தால் ஒழுங்காக ஓடும். எடுத்தால் மறுபடி தோல்வி. மூன்று ராத்திரி தூக்கம் போச்சு. ப்ராசசர்தான் சரியில்லை என்று மேலதிகாரியிடமே சொல்லிவிட்டேன். கடைசியில் கேபிளைச் சொருகி, டிரைவர் தோற்றுத் திரும்பும் வரியில் ப்ரேக்பாயின்ட் வைத்தேன். சாதனத்திலிருந்து படித்த எண் பூஜ்யம். அதே முகவரியை அங்கிருந்தே மறுபடி படித்தேன், சரியான எண் வந்தது! அது தயாராவதற்குள் நான் அவசரப்பட்டிருக்கிறேன். பிரின்ட் வரி கொடுத்த சிறு தாமதம்தான் இத்தனை நாள் என் தப்பை மூடி வைத்திருந்தது. ப்ராசசர் நிரபராதி. மறுநாள் மேலதிகாரியிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

டோர்வால்ட்ஸ் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு என்று அன்றைக்குப் புரிந்தது. எண்ணைக் காட்டியது டீபக்கர். ஏன் பூஜ்யம் என்று யோசிக்க வேண்டியவன் நான்தான்.

அந்த கே.ஜி.டி.பி. கோப்பைத் திறந்தால் தலைப்பில் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கும். வாசலில் காத்திருந்த காலத்தில் உழைத்தவர்கள் பெயரும் அதில் உண்டு, அமித் காலே பெயரும் உண்டு. புதிய ப்ராசசர் வரும்போதெல்லாம் அந்தத் தனிப்பகுதியை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். தம்பி தங்கைகளே, அடுத்த முறை நம் லேபில் 8085 கிட் முன்னால் உட்காரும்போது, ரெக்கார்டைப் பார்த்துக் காப்பி அடிக்காமல் ஒவ்வொரு ஸ்டெப்பையும் நின்று பாருங்கள். அந்தப் பட்டியலில் நம் கல்லூரிப் பெயர் ஒன்று வரட்டுமே!