பொதுமொழியும் வீட்டுமொழியும்: இந்தோனேசியா தரும் சிந்தனை

1928ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில் இளைஞர் மாநாடு ஒன்று நிறைவுற்றது. அந்நாளில் டச்சுக்காரர் ஆண்ட நாடு அது. தாயகம் ஒன்று, இனம் ஒன்று என்று இளைஞர்கள் உறுதி பூண்டனர். மூன்றாவது உறுதிமொழியில் மட்டும் 'மொழி ஒன்று' என்று அவர்கள் கூறவில்லை. ஒற்றுமையின் மொழியாகிய இந்தோனேசிய மொழியைப் போற்றுவோம் என்றனர். வீட்டுமொழிகள் வாழ இடம் விட்ட சொல்லாட்சி இது.

இந்தோனேசிய மொழி என அவர்கள் பெயரிட்டது, துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பல நூற்றாண்டுகளாக வழங்கிய மலாய் மொழியையே. அதைத் தாய்மொழியாகக் கொண்டோர் சிறுபான்மையினர். எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற ஜாவானியரின் மொழியை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? மலாய் மொழி ஏற்கெனவே எங்கும் பரவியிருந்தது ஒரு காரணம். பெரிய இனத்தின் மொழி பிறர்மேல் சுமத்தப்படலாகாது என்பது மற்றொன்று. மூன்றாவது காரணம் ஜாவானிய மொழியின் இயல்பிலேயே உள்ளது.

அம்மொழியில் வாய் திறக்குமுன் எதிரே நிற்பவர் யாரென அறிந்தாக வேண்டும். நெருங்கியோரிடமும் இளையோரிடமும் பேசும் நடை 'ங்கோகோ'. மூத்தோரிடமும் உயர்ந்தோரிடமும் பேசும் நடை 'க்ரமா'. நடைக்கேற்பச் சொல்லே மாறிவிடும். ங்கோகோவில் 'செகோ' எனப்படும் சோறு க்ரமாவில் 'செகுல்' ஆகும். வீடு 'ஓமா', பணிவான பேச்சில் அது 'க்ரியா', பெரியவரின் இல்லமோ 'தலெம்'.

இவ்வழக்கு சிலருக்குச் சுமையாயிற்று. ஜெப்பாராவின் உயர்குடியில் பிறந்த கார்த்தினி, 1899இல் டச்சுத் தோழிக்கு எழுதிய கடிதத்தில், இளையோர் மூத்தோர் முன் தவழ்ந்து சென்று உயர்நடையிலேயே பேசவேண்டிய வழக்கத்தை எடுத்துரைத்தார். தாமும் தம் தங்கையரும் அதைக் கைவிட்டதாகவும் எழுதினார். 1917இல் சுரபாயாவில் தோன்றிய 'ஜாவா தீபா' இயக்கம், ங்கோகோவையே எல்லாரும் பேசவேண்டும் என்றது. வழக்கம் அசையவில்லை. எனவே, சமமாக நின்று பேச விரும்பிய இளைஞர்க்கு மலாய் ஒரு திறந்த வெளியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆயினும் வீட்டின் பண்பாடு பொதுமொழிக்குள்ளும் புகுந்தது. எவரையும் பாகுபாடின்றி விளிக்க 1957இல் 'அன்டா' என்னும் முன்னிலைச் சொல் படைக்கப்பட்டது. விளம்பரங்களில் அது நிலைபெற்றது. நேர்ப்பேச்சிலோ ஆசிரியரையும் அதிகாரியையும் தந்தை எனப் பொருள்படும் 'பாபாக்' என்றும், தாய் எனப் பொருள்படும் 'இபு' என்றும் அழைப்பதே வழக்கம். மணமாயிற்றா என்று வினவினால், மணமாகாதவர் 'இல்லை' என்னாது, 'பெலும்', அதாவது 'இன்னும் இல்லை' என்பார். நாளைக்கும் இடம் வைக்கும் விடை அது.

ஜாவாவுக்கு வெளியிலும் இந்நுட்பம் உண்டு. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் பேச்சை நான்காகப் பகுத்துள்ளனர். மூத்தோரிடம் ஏறும் சொல், இளையோரிடம் இறங்கும் சொல், ஒத்தாரிடம் சமதளச் சொல், மணவழி உறவினரிடம் சாய்ந்த சொல். வடக்குச் சுமத்ராவின் பத்தாக் மக்கள் வெளிப்படையாகப் பேசுவதில் பெயர் பெற்றவர்கள். அவர்களும் புதியவரைக் கண்டால் முதலில் குலப்பெயரைக் கேட்டு, உறவுமுறையைக் கணித்து, அதன்பின்னரே விளிக்கும் சொல்லை முடிவு செய்கின்றனர்.

எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்நாட்டில், வட்டார மொழிகளை அரசு மதித்துப் பேணும் என 2002இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பு கூறுகிறது. ஆனால் மொழியைப் பேணும் இடம் வீடே. ஜாவா நகரங்களில் பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் இந்தோனேசிய மொழியிலேயே பேசுகின்றனர். நாடு முழுவதும் பேசவல்ல பேரன், பாட்டியின் முன் க்ரமாவில் பிழை செய்ய அஞ்சிப் பொதுமொழிக்குத் தாவுகிறான், அல்லது மௌனமாகிறான்.

கார்த்தினி விலக்க விரும்பியது தாழ்வு மனப்பான்மையை. பாட்டி எதிர்பார்ப்பது அன்பு கலந்த மதிப்பை. ஒரே நடையில் இவ்விரண்டும் பின்னிக் கிடந்ததே ஜாவானிய மொழியின் சிக்கல். முன்னதைக் களைந்து பின்னதைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் ஏற்க இயலாது. பிள்ளையிடம் நாள்தோறும் பேசும் தாயும் தந்தையுமே அதனை ஏற்க வேண்டும்.