பெயர் தைத்த போர்வை



கைவேலையைத் தேர்வுக்கு உதவாத பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. சிறுமியர் சிலர் தைத்த ஒரு போர்வையின் வரலாற்றை அறிந்தால் அவ்வெண்ணம் மாறக்கூடும்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் ஒரு பகுதியில். ஆண்கள் வேறு பகுதியில். அங்கே எலிசபெத் என்னிஸ் என்னும் தாதி, 8 முதல் 16 வயது வரையிலான சிறுமியர் ஏறத்தாழ 20 பேரைச் சேர்த்துச் சாரணியர் இயக்கம் நடத்தினார். அவருடைய பிறந்த நாளுக்கு என்ன பரிசளிப்பது? கடையில்லை, காசில்லை. கிடைத்த துணித் துண்டுகளை எல்லாம் அறுகோணமாக வெட்டினர். பழைய ஆடைகளைப் பிரித்து நூலெடுத்தனர். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என ஏழு துண்டுகள் சேர்ந்தால் ஒரு பூ. பூவோடு பூ சேர்த்து, தம் பெயர்களையும் நூலால் பதித்தனர். அப்போர்வை இன்று இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதே சிறையில் கனடியப் பெண்மணி எத்தல் மல்வானியின் தூண்டுதலால் மகளிர் மூன்று போர்வைகள் தைத்தனர். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். மருத்துவமனைக்குப் பரிசாகச் சென்ற அவற்றில் இருந்த பெயர்களும் சித்திரங்களும், 'நாங்கள் உயிரோடு இருக்கிறோம்' என்று பிரிந்திருந்த கணவர்மார்க்குச் சொல்லாமற் சொல்லின.

சிறைக்கு வெளியே நம்மவர் நிலை என்ன? தெலுக் இந்தானுக்கு அப்போது தெலுக் ஆன்சன் என்று பெயர்; 1982இல்தான் பெயர் மாறிற்று. மலாயாவுக்குத் துணி கடல் கடந்தே வந்து கொண்டிருந்தது. போரினால் அவ்வரவு நின்றபோது, மக்கள் கோணிச் சாக்கையும் உடுத்த நேர்ந்தது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. தோட்ட வரிசை வீடுகளில் எஞ்சிய தாய்மார்க்கு ஊசியும் நூலும் அருமையான பொருள்கள். ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டு, நையும்வரை உடுத்திய துணி எந்த அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்வதில்லை. சாங்கிச் சிறுமியரின் பெயர்கள் நிலைத்ததற்கு அவர்கள் பட்ட துன்பம் மட்டும் காரணமன்று. அவற்றைத் துணியில் பதித்ததும், அதை ஒருவர் போற்றிக் காத்ததுமே காரணம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஓய்வுபெறும் ஆசிரியருக்கோ பள்ளித் தோட்டக்காரருக்கோ மாணவர்களே ஒரு போர்வையின் மேற்புறம் தைத்துப் பரிசளிக்கலாம். வெள்ளை ஒன்று, சிவப்போ நீலமோ மற்றொன்று என இரு நிறங்கள் போதும். தைத்தபின் 6 அங்குலச் சதுரம் வேண்டுமானால், நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். அகலத்தில் 7, நீளத்தில் 9 என 63 சதுரங்கள். சதுரங்கப் பலகைபோல் மாறி மாறி வைத்தால் ஒரு நிறம் 32, மற்றது 31. நான்கு மூலைகளிலும் ஒரே நிறம் வருவது ஏன் என்று கேளுங்கள்; கணிதப் பாடமும் அங்கே நடந்துவிடும்.

வெள்ளைச் சதுரங்களில் மாணவர்கள் தம் பெயரைத் தமிழில் தைக்கட்டும். கூடவே, தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியின் பெயரையும் வீட்டில் கேட்டு வந்து தைக்கட்டும். பிள்ளை கேட்கும்போது அப்பெயரைச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்களாகிய நீங்களே.